பதினான்கு முழங்கை

காரைக்குடிக் கடையில் முதல் கேள்வி
எத்தனை மாடி.
"ஒரு ஹெச்.பி. போட்ருங்க ஆச்சி,
சீறிக்கிட்டு ஏறும்."

ஏற வேண்டாம், சுற்ற வேண்டும்.
இதைச் சொல்லி முடிக்க
ஒரு டம்ளர் தேநீர் ஆறிப்போனது.
மேலே போகும் தண்ணீரின் பாரத்தை
கீழே வரும் தண்ணீர் இழுத்துக்கொள்ளும்.
மூடிய வளையத்தில்
உயரத்துக்கு வாடகை கிடையாது.
காசு கேட்பது குழாயின் நீளம்,
உள்விட்டம்,
அப்புறம் ஒவ்வொரு முழங்கையும்.

முழங்கைகள் எங்கள் வீட்டில் முளைத்த கதை
அவருக்கு எதற்கு.

பள்ளத்தூரில் ஏழு பங்கு வீடு.
மூன்றாம் கட்டு மேல்தளத்தில் தகடுகள் இரண்டு.
முந்நூறு லிட்டர் தொட்டியை
அந்த உத்தரம் தாங்குமென்று
எழுதித் தர எந்த இன்ஜினியரும் இல்லை,
ஆகவே தொட்டி கீழே, பின்கட்டில்.
நேராகப் போனால் முப்பதடி.

நேராகப் போனால் வெள்ளையப்பனின் சுவர்.
சிங்கப்பூரிலிருந்து குரல்பதிவு வந்தது:
முட்டைச் சுண்ணாம்புல ஓட்டையா?
நான் கையெழுத்துப் போட மாட்டேன்.
நான்கு முழங்கை.
சோலையப்பன் பங்கு பூட்டிக் கிடக்கிறது,
சாவி ஈப்போவில்.
இன்னொரு நான்கு.
கொப்பாத்தாள் சரியென்றாள், மறுநாள்
சாமி அறைக்குப் பின்னால் வெந்நீர் ஓடக் கூடாதென்றாள்.
மூன்று.
மிச்ச மூன்றும் என்னுடையவை.
என் ஜன்னலுக்குக் குறுக்கே குழாய் வருவது
எனக்கே பிடிக்கவில்லை.

முப்பதடி நூற்றுப்பத்தடியானது.
ஃபிட்டர் சவரிமுத்து
எண்ணிவிட்டு ஒன்றும் பேசவில்லை.

மகள் கல்யாணப் பத்திரிகை,
பிழை திருத்த வந்த தாளின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
நிமிடத்துக்கு நான்கு லிட்டர்.
அதற்குமேல் விரட்டினால்
கரண்ட் பில் கூடும், வெயில் கூடாது.
தடை எல்லாம் சேர்த்து
இரண்டு மீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே.
நாற்பத்தாறு வாட் போதும்,
சீலிங் ஃபேனுக்கும் கீழே.
எங்கள் போர்த் தண்ணீர்
இரும்பை மூன்றே மழைக்குள் தின்றுவிடும்,
அதனால் பித்தளை உடம்பு.
இரண்டாயிரம் அதிகம். கொடுத்தேன்.

கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.
"பொம்மை மாதிரி இருக்கு.
பின்னால வந்து குறை சொல்லாதீங்க."

மார்கழி எட்டு, வியாழக்கிழமை.
சுழல்தண்டு படுத்திருக்க வேண்டும் என்று
மூன்று தடவை சொன்னேன்.
முடுக்கியதும் சத்தமே இல்லை.
சவரிமுத்து ஸ்க்ரூடிரைவர் முனையைப் பம்பில் வைத்து
பிடியில் காதை வைத்தார்.
"ஓடுது" என்றார்,
தூங்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

சாயங்காலம் தொட்டியில் அறுபத்திரண்டு டிகிரி.
விடிகாலை முப்பத்தொன்று.

கடைக்காரர் சிரிப்பது காதில் விழுந்தது.

மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்கு
சால்வையோடு பின்கட்டில் நின்றேன்.
பம்ப் நின்றிருந்தது, சரியாக,
பொழுது சாய்ந்ததுமே நின்றிருக்க வேண்டியதுதான்.
மேலே போகும் குழாயைத் தொட்டேன்.
வெதுவெதுப்பு.
யாரும் தள்ளாமல், ஒரு வாட் செலவில்லாமல்,
பதினான்கு முழங்கையையும் பொருட்படுத்தாமல்
சூடு தானாக ஏறிப் போய்
பனியில் கிடந்த தகட்டிடம்
பகல் முழுக்க வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எத்தனை நாள் படித்தேன், எத்தனை கடை ஏறினேன்,
எப்படித் தள்ளுவது என்றே யோசித்திருக்கிறேன்.
தடுப்பதைப் பற்றி
பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு வரி இல்லை.

ஒருவழி வால்வு முந்நூற்று நாற்பது ரூபாய்.
அதே கடை. அவர் ஒன்றும் கேட்கவில்லை,
அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

தையில் கல்யாணம். வீடு கொள்ளாத ஆட்கள்.
முகூர்த்த நாள் நான்கு மணிக்கே குளித்துவிட்டு
ஆவி பறக்கும் தோளோடு வெளியே வந்த வெள்ளையப்பன்
"நல்ல சூடு" என்றார்.
பிறகு ஈர விரலால் குழாயைத் தொடர்ந்தார்,
ஒரு மூலை, இன்னொரு மூலை,
தன் சுவரருகே வந்து நின்றார்.
"இது ஏன் இப்படிச் சுத்திக்கிட்டுப் போகுது?"

துண்டை எடுத்து நீட்டினேன்.